இன்னும் கொஞ்சம் வெளிச்சம்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவளைக் 'குரல்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாசல் காவலாளியிலிருந்து கேமராக்காரர் வரை, "குரல் வந்தாச்சா?", "குரலுக்கு ஒரு டீ சொல்லுங்க" என்றே பழகிவிட்டது. அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. மரியாதையாகவேதான் வருஷக்கணக்கில் அவளை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளமோ, விபத்தோ, பள்ளிக்கூட விளையாட்டு விழாவோ, எந்தப் படம் ஓடினாலும் பின்னால் பேசுகிறவள் அவள். முன்னால் உட்கார்ந்து சிரிக்கிற முகம் வேறு ஒருத்தியுடையது. அந்த முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன, ஆனால் எல்லாமே சிவப்புத் தோல் முகங்கள். அதில் பாதிப் பேருக்கு ழகரம் சுட்டுப் போட்டாலும் வராது. ஊரெல்லாம் மழை என்பதை ஊரெல்லாம் மலை என்று வாசித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தால், பார்க்கிறவர்களும் சேர்ந்து சிரித்துக்கொண்டார்கள். முகம் பளபளவென்று இருந்தால் நாக்கை யார் கேட்கிறார்கள்?

புதிதாக வந்த தயாரிப்பாளர் கொஞ்சம் முசுடு. ஒருநாள் செய்தியை முழுதாகக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தக் குரலுக்கு உடம்பு கிடையாதா? அதைக் கூட்டிட்டு வந்து முன்னாடி உட்கார வைங்கய்யா" என்றார். நடந்தது இவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஏழு மணிச் செய்தி அவளுக்கு என்றாகிவிட்டது.

அன்றைக்குத் தலைகால் புரியாத சந்தோஷத்தில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்து வந்தாள். நடக்கும்போது அவள் மனசில் ஓடிய ஆசை மிகவும் சின்னது. வீட்டில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து, அவள் வாசிப்பதை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். வீட்டில் அவள் வேலை என்ன என்று எவருக்கும் சரியாகத் தெரியாது. "டிவில பேசுறா" என்பார்கள், "ஆனா வரமாட்டா" என்று அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். அந்த 'ஆனா' ஒன்று ஒழிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா, "உன் முகமே வருமா?" என்றாள். "முழுசாவா?"

"முழுசாத்தாம்மா. பாதியாவா காட்டுவாங்க?"

அம்மா சந்தோஷப்பட்டாள், இல்லையென்று சொல்லக்கூடாது. கண்கூடக் கலங்கியது. ஆனால் கண்ணீர் காய்வதற்குள் கை போனைத் தேடியது. இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிற ஒரு சம்பந்தம் இருந்தது. மாப்பிள்ளை எங்கேயோ மருந்துக் கிடங்கில் மேலாளர். பெண்ணின் போட்டோ போயிருந்தது. அதுவும் ஸ்டூடியோக்காரரின் கைவண்ணம். செத்துப்போன அப்பாவின் படத்தையே எடுத்துக்கொண்டு போய், நல்ல கறுப்பு மனுஷரைச் சந்தன நிறத்தில் பிரேம் போட்டுக் கொடுத்த புண்ணியவான் அவர். மகளை விடுவாரா? அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, நேரில் எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா நாள் கடத்திக்கொண்டே இருந்தாள்.

"திங்கக்கெழம ஏழு மணிக்கு டிவி போட்டுப் பாருங்க. நம்ம பொண்ணு செய்தி வாசிக்கப் போறா" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்த அம்மாவின் குரலில் அப்படி ஒரு மிடுக்கு. வைத்துவிட்டு மகளிடம் சொன்னாள்: "டிவியில வர்ற பொண்ணுன்னா மதிப்பே தனிடி. அப்புறம் நேர்ல பார்த்தாலும் கண்ணுக்குக் குறை தெரியாது."

என்ன குறை என்று அவள் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி அது. மூன்று வயதிலிருந்து கடலை மாவும் பயத்தம் மாவும் பூசிப் பூசித் தேய்த்த கையிடம் போய் என்னத்தைக் கேட்பது?

அண்ணன் தன் பங்குக்குப் புதுத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கிவிட்டான். பழைய பெட்டியில் எல்லா முகமும் பச்சையடித்துத் தெரிந்தது, அது வேறு விஷயம். "என் தங்கச்சி முதல் தடவை வர்றா, தகர டப்பாலயா பார்க்கிறது?" என்று மார்தட்டினான். பாசம் இல்லாதவன் என்று அவனைச் சொல்லவே முடியாது. ஒரு பொருளை வாங்குவதற்கு முன் போனில் உலகத்தில் உள்ள அத்தனை வீடியோவையும் பார்த்துவிட்டு, அந்தப் பொருளைச் செய்தவனுக்கே பாடம் எடுக்கிற ஜாதி அவன். அவ்வளவுதான் அவன்மேல் குறை.

திங்கட்கிழமை வந்தது. அந்த நிலையத்தில் ஏழு மணிச் செய்தியைப் பிற்பகலிலேயே பதிவு செய்துவிடுவார்கள். அவள் வாசித்து முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற முசுடு, கட்டை விரலை உயர்த்திக் காட்டியது. முதல் செய்தி அவளே போய் விசாரித்து எழுதியது. ஒரு துணி ஆலையில் பின்வாசலை எப்போதும் பூட்டியே வைத்திருந்தார்கள், தீப்பிடித்தால் ஓட வழி கிடையாது. உள்ளே வேலை செய்கிற பெண்களிடம் பேச்சுக் கொடுத்து, பூட்டைப் படம் பிடிக்க வைத்து, அதிகாரி வாயிலிருந்து பதிலையும் பிடுங்கியிருந்தாள். வாசிக்கும்போது ஒரு இடத்தில்கூடக் குரல் தடுக்கவில்லை. அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

வீட்டில் கூடத்துச் சுவரில் தொலைக்காட்சியை மாட்டி முடித்திருந்தார்கள். மாட்ட வந்தவர் வாயில் இரண்டு திருகாணியைக் கவ்விக்கொண்டே பேசுகிற ஆள். அட்டைப்பெட்டி, தெர்மாக்கோல், துளை போட்ட சுண்ணாம்புத் தூள் எல்லாம் தரையில் கிடந்தன. அண்ணி துடைப்பத்தோடு, எப்போது நகர்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டியா பாப்பா? இங்க பாரு, இங்க பாரு" என்று அண்ணன் குதித்தான். முப்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான்.

திரையில் அவள் முகம் வந்தது. 'இன்று இரவு ஏழு மணிக்கு' என்று நிலையம் மாலையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்த முன்னோட்டம். அண்ணன் ரிமோட்டை அழுத்தி அப்படியே நிறுத்தி வைத்தான். சுவர் அளவுக்கு அவள். நெற்றியில் பொட்டு, காதில் சின்னத் தோடு, நீலச் சேலை. இதுதான் நானா என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷம் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது இதற்குத்தான் என்று தோன்றியது. அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று திரும்பிப் பார்த்தாள்.

அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன தம்பி, படம் இருட்டா இருக்கு?" என்றாள் அம்மா, மாட்ட வந்தவரிடம்.

அவர் திருகாணிகளை வாயிலிருந்து எடுத்தார். "இருட்டா இல்லம்மா. கடையில நாங்க எல்லாத்தையும் பளீர்னு வெச்சிருப்போம், ஆளுங்க வாங்கணும்ல? வீட்டுக்கு அது கண்ணு வலிக்கும். இது வீட்டு மோடு. நேச்சுரலா இருக்கும்."

"நேச்சுரலா இருந்து என்ன பண்ண? முகம் தெரியவே இல்லையே."

"தெரியுதேம்மா" என்றார் அவர் பாவம்போல்.

அண்ணன் உள்ளே புகுந்தான். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர் என்று ஒவ்வொன்றாக ஏற்றினான், இறக்கினான். பொட்டு இரத்தக் கட்டி மாதிரி ஆனது. பின்னால் இருந்த பூச்சாடியின் இலைகள் பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போய்த் திரும்பின. அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் வெளிச்சம். ஆங், இன்னும் கொஞ்சம். ஐயோ, அது வேணாம், முந்தி இருந்தது." எல்லோரும் திரையைப் பார்த்தார்களே ஒழிய, நாலடி தள்ளி உயிரோடு நின்றவளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாட்ட வந்தவருக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. "அக்கா, நீங்க இப்பிடி டிவி பக்கத்துல வந்து நில்லுங்க. உங்களப் பார்த்து மேட்ச் பண்ணிடலாம், பிரச்சினையே இல்ல" என்றார்.

அவளும் போய் நின்றாள். ஏன் நின்றாள் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. சின்ன வயதில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்ததுபோல், சொன்னார்கள் என்று நின்றாள். அவர் அவள் கன்னத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ரிமோட்டைத் தட்டினார். மறுபடியும் கன்னத்தைப் பார்த்தார். தையல்காரர் துணிக்கு நூல் பார்ப்பார்களே, அந்த மாதிரி. கடைசியில் கையைத் தட்டினார். "கரெக்ட். இதான் ஒரிஜினல் கலர். சார், பாருங்க, அச்சு அசல்."

உண்மைதான். சுவரில் இருந்த முகமும் அதன் பக்கத்தில் இருந்த முகமும் ஒன்றாகவே இருந்தன.

"இது நல்லால்ல" என்றாள் அம்மா.

அண்ணி சட்டென்று துடைப்பத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை போல. "அத்தை, பாப்பா அப்பிடித்தானே இருக்கா?" என்று முணுமுணுத்தாள்.

"நீ செவப்பா பொறந்தவ, உனக்கு இதெல்லாம் புரியாது. சும்மா இரு" என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள்.

அம்மா கெட்டவள் இல்லை. காய்ச்சல் வந்தால் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். மகளின் படிப்பை நிறுத்தச் சொன்ன மாமாவை வாசலோடு திருப்பி அனுப்பியவள். அந்த அம்மாதான் இன்றைக்கு மகளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே, வாய் கூசாமல் 'இது நல்லால்ல' என்கிறாள். யாரோ ஒருத்தி சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை இவள் கேட்டிருப்பாள். பெற்றவளிடம் என்ன கேட்பது?

மாட்ட வந்தவர் தொழில் தெரிந்தவர்; வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு அதற்குள் விளங்கிவிட்டது. "ஓ, அப்பிடியா? அதுக்கு பிரைட்னஸ்ல கை வெச்சுப் பிரயோஜனமில்ல சார். கலர் டெம்பரேச்சர்னு ஒண்ணு இருக்கு. அதை 'கூல்'ல போடுங்க, சிவப்பைக் குறைங்க, நீலத்தை ஏத்துங்க. எல்லாரும் வெள்ளைக்காரன்தான்" என்று சிரித்தார்.

போட்டார்கள். பூச்சாடியின் இலை நீலமாகிவிட்டது. நீலச் சேலை ஊதாவுக்குத் தாவியது. பல் டியூப்லைட்போல் எரிந்தது. ஆனால் முகம் வெளுத்தது. போட்டோவில் ஸ்டூடியோக்காரர் கொடுத்த அதே முகம், வாயை அசைக்கத் தயாராக நின்றது.

"ஆங்! அப்பிடியே விடு, தொடாதே" என்றாள் அம்மா. "இப்பத்தான் என் பொண்ணு."

மாட்ட வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போகும்போது, "ஆல் த பெஸ்ட் அக்கா, நான் அடுத்த வீட்ல பார்ப்பேன்" என்றார். அந்த அடுத்த வீட்டில் என்ன மோடில் வைப்பாரோ.

ஏழு மணி ஆயிற்று. அண்ணன் நடு நாற்காலியில், அம்மா அவனுக்குப் பக்கத்தில், அம்மாவை ஒட்டி அவள், அண்ணி தரையில். அவள் ஆசைப்பட்ட வரிசைதான். தலைப்பிசை முடிந்து வெள்ளை முகம் வந்து, "வணக்கம்" என்றது. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நடந்ததையெல்லாம் மறந்துவிடலாம் என்று அவளுக்கு அந்தப் பிடியில் தோன்றியது. நிறத்தை விட்டுத் தள்ளு, இவர்கள் கேட்கட்டும். பின்வாசல் செய்தி வரட்டும்.

அப்போது அம்மா திடுக்கிட்டாள். "டேய், மாப்பிள்ளை வீட்டு டிவி எப்பிடி இருக்கோ?"

அண்ணன் விழித்தான்.

"அவங்க இந்நேரம் பார்த்துட்டு இருப்பாங்கடா! அவங்க டிவியில இருட்டா வெச்சிருந்தா? போன் போடு. சீக்கிரம் போடு."

சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை, போன் போட்டான். இத்தனை வீடியோ பார்த்த அறிவு வேறு எதற்கு? பேசுவது கேட்க வேண்டுமே என்று முதல் வேலையாகத் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுதாக அணைத்தான். போனில் ஸ்பீக்கரைப் போட்டான். திரையில் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"என்னங்க, சத்தத்தை வைங்க, பாப்பா பேசுறா" என்றாள் அண்ணி.

"ரெண்டு நிமிஷம்" என்றான் அண்ணன்.

எதிர்முனையில் மாப்பிள்ளையின் அம்மா எடுத்தாள். "சொல்லுங்க தம்பி. பார்த்துட்டுத்தான் இருக்கோம்."

"நல்லதும்மா. ஒண்ணுமில்ல, இன்னைக்கு அந்தச் சேனல்ல ஏதோ கோளாறு போல. படம் கொஞ்சம் டல்லா வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க உங்க ரிமோட்டை எடுத்து செட்டிங்ஸ் போங்க, அதுல பிக்சர்னு இருக்கும்…"

"இருங்க, பையன்கிட்ட குடுக்கிறேன்."

"குடுங்க குடுங்க. ஹலோ? ஆங், பிக்சர் போயிட்டீங்களா? கீழ வாங்க. கலர் டெம்பரேச்சர். கிடைச்சுதா? அதை 'கூல்'ல போடுங்க. இப்ப சிவப்பை…"

மாப்பிள்ளை என்கிற அந்த ஆள் மறுமுனையில் ரிமோட்டும் கையுமாக, "எங்கே? ஆமா, இருக்கு. போட்டுட்டேன்" என்று சமர்த்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன்னைத் துணி மாதிரி வெளுக்க, இரண்டு வீட்டில் இரண்டு ஆண்கள் போனில் யோசனை கேட்டுக்கொள்கிறார்கள். திரையில் ஆலையின் பின்வாசல் வந்தது, பூட்டு வந்தது, முக்காட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு பேசுகிற பெண் வந்தாள். ஒரு சத்தமும் இல்லை. அவள் எட்டி ரிமோட்டை எடுக்கப் போனாள். அம்மா பிடித்திருந்த கையை விடவில்லை.

"பொறுடி. உன் நல்லதுக்குத்தான்."

போனில் கொஞ்ச நேரம் கசமுசவென்று பேச்சு. யாரோ மெல்லச் சிரித்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் அம்மா மறுபடி வந்தாள். குரல் தேனாக இருந்தது.

"தம்பி, எங்க டிவி நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் சரியான கலர்லதான் தெரியறாங்க. நாங்க யோசிச்சுட்டுச் சொல்றோம், என்ன?"

போன் அணைந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் முகம் கறுத்துவிட்டது, எந்த மோடிலும் சரிசெய்ய முடியாதபடி.

திரையில் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நான் என்ன செய்தி வாசிச்சேன்? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

"சத்தம் இல்லையே பாப்பா…" என்றான் அண்ணன்.

"ஏதோ கதவு…" என்று அண்ணி இழுத்தாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு அங்க மேக்கப் போடுறவங்ககிட்டச் சொல்லி இன்னும் ஒரு பூச்சு சேர்த்துப் போடச் சொல்லு. வெட்கப்படாம கேளு."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாள். கோபம் கோபமாக வந்தது. அம்மா மேலே, அண்ணன் மேலே, முகம் தெரியாத அந்த ரிமோட்காரன் மேலே. கூண்டுக்குள்ளேயே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் காலையில் அந்தச் செய்தியை மறுஒளிபரப்புச் செய்வார்கள். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விட்டார்கள். அம்மா அடுப்படியில் பாத்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கூடத்தில் தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சியைப் போட்டாள். யாரும் கேட்காவிட்டால் போகிறார்கள், நான் கேட்கிறேன் என்றொரு வீம்பு.

வெள்ளை முகம் வந்து வணக்கம் சொன்னது. பார்க்கவே பிடிக்கவில்லை. செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினாள். எல்லாவற்றையும் பழையபடி மாற்றவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். கண்மூடித் திறப்பதற்குள் இலை பச்சையானது, சேலை நீலமானது, அவளுடைய முகம் அவளுடைய நிறத்துக்குத் திரும்பியது.

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. 'சே, என்ன இவ்வளவு கறுப்பா!'

அப்படி நினைத்தது அவளேதான். வேறு யாரும் அங்கே இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தாள். நேற்று மாலை இதே திரையில் இதே முகத்தைப் பார்த்துப் பூரித்துப் போனாளே, அந்த முகம்தான் இது. ஆனால் இப்போது கன்னமும் நெற்றியும் அழுக்குப் படிந்ததுபோல் தெரிந்தன. மூக்கோரம் இருட்டாக இருந்தது. விளக்கை யாராவது முகத்தில் இன்னும் நேராகப் பிடித்திருக்கலாம். நீலச் சேலை கட்டியிருக்கக் கூடாது. இளமஞ்சளாக இருந்தால் கொஞ்சம் எடுப்பாக இருந்திருக்குமோ? அந்த முசுடுக்கு இதெல்லாம் கண்ணில் படாதா?

இப்படியே யோசித்துக்கொண்டு நின்றவள் திடீரென்று உதட்டைக் கவனித்தாள். முதல் செய்தி முடிந்து இரண்டாவது செய்தி பாதிக்கு வந்திருந்தது. சத்தம் நன்றாகத்தான் வைத்திருந்தாள். ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

ரிமோட் கையிலேயே இருந்தது. வெளிச்சத்தை ஒரு புள்ளி கூட்டினாள். பிறகு இன்னொன்று. அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, தெரியுதா?"

"ம்" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இப்பப் பரவாயில்லம்மா."